நான்-பிராஃபிட் நிர்வாகத்தில் ஆன்லைன் மாஸ்டர்ஸ் (அமெரிக்கா): காசு போடலாமா, எதைப் பார்த்துச் சேர்வது?

#1 கீழத்தெரு

எல்லாருக்கும் வணக்கம். டெக்ஸாஸ், எச்-4 (கணவரோட வேலை விசாவைச் சார்ந்த விசா), கையில் இஏடி (வேலை அனுமதி) இருக்கு. ஊரில் முடிச்சது மூணு வருஷ பி.காம். இங்கே ஒரு தமிழ்ப் பள்ளிக்குத் தன்னார்வலராகக் கணக்கு எழுதறேன். 501(சி)(3), அதாவது வரிவிலக்குள்ள தொண்டு அமைப்பாப் பதிவு பெற்றது. இந்த லாப நோக்கமில்லாத (நான்-பிராஃபிட்) துறையிலேயே சம்பள வேலைக்குப் போகலாம்னு எண்ணம்.

நான்-பிராஃபிட் மேனேஜ்மென்ட், நான்-பிராஃபிட் லீடர்ஷிப், நான்-பிராஃபிட் அட்மினிஸ்ட்ரேஷன்னு ஏகப்பட்ட ஆன்லைன் மாஸ்டர்ஸ் கண்ணில் படுது. பாடத் தலைப்பெல்லாம் ஒரே மாதிரி, விலை மட்டும் மூணு மடங்கு ஏறி இறங்குது. அக்ரெடிடேஷன்ல (அங்கீகாரம்) எதைப் பார்க்கணும்? மூணு வருஷ டிகிரியை ஏத்துக்குவாங்களா? வேலையோட படிக்க முடியுமா? பேசாம எம்பிஏ பண்ணிடலாமா? "ஆல் தி பெஸ்ட்" வேண்டாம், குறை இருந்தா நேராவே சொல்லுங்க.

#2 வெண்கலம்

அட்மிஷன் பக்கத்தை மட்டும் நான் எடுத்துக்கிறேன்.

அக்ரெடிடேஷன் ரெண்டு அடுக்கு. முதல் அடுக்கு கல்லூரிக்கு. அதைத் தரும் அமைப்புகள்: ஹையர் லேர்னிங் கமிஷன், மிடில் ஸ்டேட்ஸ், சாக்ஸ்காக் (தென் மாநிலங்கள், டெக்ஸாஸும் இதில்தான்), நியூ இங்கிலாந்து, வாஸ்க், நார்த்வெஸ்ட். இதில் ஒன்றாவது இல்லாத இடம் என்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். 2020 ஜூலை முதல் அமெரிக்கக் கல்வித்துறை இந்த அமைப்புகளை "ரீஜனல்", "நேஷனல்" என்று பிரிப்பதை எடுத்துவிட்டது. ஆனாலும் வேலைக்கு எடுப்பவர்களும், கிரெடிட் (படித்த பாடத்தின் அளவுக் கணக்கு) மாற்றிக்கொடுக்கும் கல்லூரிகளும் பழைய பழக்கத்தில் இந்த ஆறைத்தான் கேட்பார்கள். கல்லூரியின் விளம்பரத்தை நம்ப வேண்டாம். கல்வித்துறையின் டாப்பிப் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் இப்போதைய நிலை தெரிந்துவிடும்.

இரண்டாவது அடுக்கு பாடத்திட்டத்துக்கு. நாஸ்பா என்பது பொது நிர்வாகப் படிப்புகளுக்கான அங்கீகார அமைப்பு, மாஸ்டர் ஆஃப் பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் இதில் வரும் (அதன் சுருக்கமும் தமிழில் எம்பிஏ என்றே விழும்; பிசினஸ் எம்பிஏ-யோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க இனி "பொது நிர்வாக முதுகலை" என்றே எழுதுகிறேன்). நான்-பிராஃபிட் கல்விக்கென்றே 1991-இல் தொடங்கிய நாக் என்ற கூட்டமைப்பு இருக்கிறது. அதன் பாடத்திட்ட வழிகாட்டியை வைத்துக் கல்லூரியின் பாடப் பட்டியலை ஒப்பிடலாம். இந்த இரண்டாவது அடுக்கு இல்லாவிட்டால் குடி முழுகாது. முதல் அடுக்கு இல்லாவிட்டால்தான் முழுகும்.

மூணு வருஷ டிகிரி: கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். சில இடம் நேராக ஏற்கும், சில இடம் மதிப்பீட்டு நிறுவனம் "அமெரிக்க இளங்கலைக்குச் சமம்" என்று எழுதினால் ஏற்கும், சில இடம் நாலு வருஷம் இல்லையென்றால் கதவைச் சாத்தும். டபிள்யூஇஎஸ் போன்ற நிறுவனத்தின் மதிப்பீட்டுக்குப் பணம் கட்டும் முன்னால் கிராஜுவேட் அட்மிஷன் ஆபீசுக்கு ஒரு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். துறைப் பேராசிரியர் "பரவாயில்லை" என்று சொல்வது செல்லாது. முடிவு அட்மிஷன் ஆபீசுடையது. மதிப்பீடு "கோர்ஸ்-பை-கோர்ஸ்" வகையாக இருக்கணும். விலை குறைச்சல் என்று "டாக்குமென்ட்-பை-டாக்குமென்ட்" எடுத்துவிட்டுப் பிறகு மறுபடி கட்டுகிறவர்கள்தான் அதிகம். ஊரில் பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வருவதுதான் இருப்பதிலேயே மெதுவான வேலை, அதை முதலில் ஆரம்பியுங்கள். ஜிஆர்இ இந்தத் துறையில் பெரும்பாலும் கேட்பதில்லை.

கலிஃபோர்னியாவில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மாநிலங்களுக்கிடையே ஆன்லைன் படிப்புக்கு சாரா என்ற ஒப்பந்தம் உண்டு, கலிஃபோர்னியா அதில் சேரவில்லை. வெளிமாநிலக் கல்லூரி அங்கே மாணவர் சேர்க்குமா என்று தனியாகக் கேட்கணும்.

#3 பேரேடு

வெண்கலம் சார் இரண்டு "எம்பிஏ"யையும் ஒரே மூச்சில் சொல்லித் தலை சுத்த வைத்துவிட்டார் 🙂 "எம்.பி.ஏ"வில் 'பி' பிசினஸ். பொது நிர்வாகத்தில் 'பி' பப்ளிக். போகட்டும், ஆள் புரிந்துகொள்வார்.

நான் காசைப் பேசுகிறேன்.

விளம்பரத்தில் "ஒரு கிரெடிட் இவ்வளவு" என்று இருக்கும். மொத்தம் 30 முதல் 42 கிரெடிட், ஒரு பாடம் வழக்கமாக 3 கிரெடிட். 36 கிரெடிட்டுக்கு 600 டாலர் என்றால் 21,600. 1,200 என்றால் 43,200. 2,000 என்றால் 72,000. இதன் மேல் டெக்னாலஜி ஃபீ, ஆன்லைன் ஃபீ என்று ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் ஒட்டிக்கொண்டு வருவதை "டியூஷன்" பக்கத்தில் போட மாட்டார்கள். "ஃபீ ஷெட்யூல்" என்று தனியாக ஒரு பிடிஎஃப் இருக்கும், அதைத் தேடிப் பிடிக்கணும். ஆன்லைன் மாணவருக்கு எந்த மாநிலமானாலும் ஒரே கட்டணமா, உள்மாநிலத்துக்குக் குறைவா என்றும் பாருங்கள். டெக்ஸாஸ் சட்டப்படி எச்-4 உள்ளவரும் அங்கே குடியிருப்பை நிறுவி உள்மாநிலக் கட்டணம் கேட்கலாம். அரசுக் கல்லூரியானால் விண்ணப்பத்தோடு அந்த ஆவணங்களையும் கொடுங்கள், பின்னால் மாற்றுவது அலைச்சல்.

எச்-4-க்கு ஃபெடரல் கல்விக் கடன் கிடையாது, ஃபாஃப்சா (அரசுக் கல்வி உதவிக்கான விண்ணப்பம்) நிரப்பிப் பயனில்லை. கிரீன் கார்டு வந்தால் கதை வேறு. அப்போதும் 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற கூடுதல் ஃபெடரல் கடன் இல்லை; முதுகலைக்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1,00,000 டாலர்தான் வரம்பு. பகுதி நேரமாகப் படித்தால் ஆண்டு வரம்பும் அந்த விகிதத்தில் குறையும். கடன் கிடைக்கவே குறைந்தபட்சம் "ஹாஃப்-டைம்" சேர்ந்திருக்கணும். பல கல்லூரிகளில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு 3 கிரெடிட் பாடம் எடுத்தால் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடும்.

நிறுவனம் கட்டும் வழிதான் உங்களுக்குப் பொருந்தும். அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 127-ஆம் பிரிவில் வேலை தருபவர் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரியில்லாமல் படிப்புக்குக் கொடுக்கலாம். இது அங்கே வேலை பார்ப்பவருக்கு. கணவர் கம்பெனியில் கேட்டால் உங்கள் படிப்புக்கு இந்தச் சலுகை வராது. வரம்பு காலண்டர் வருஷக் கணக்கு, கல்வியாண்டுக் கணக்கு இல்லை. ஸ்பிரிங் செமஸ்டர் கட்டணத்தை டிசம்பரில் கட்டுவதா ஜனவரியில் கட்டுவதா என்பதை வைத்தே எந்த ஆண்டு வரம்பில் விழும் என்பது மாறும். லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்ற வரிச் சலுகையும் உண்டு: 10,000 டாலர் வரையிலான செலவில் 20 சதவீதம், அதாவது அதிகபட்சம் 2,000. கூட்டாக வரி தாக்கல் செய்பவர்களுக்கு வருமானம் 1,60,000-இல் குறையத் தொடங்கி 1,80,000-இல் இல்லாமல் போகும். ஐடி சம்பளம் உள்ள வீட்டில் இதை எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

#4 தென்னங்கீற்று

> வேலையோட படிக்க முடியுமா?

கணக்குப் போட்டே சொல்லிடலாம். ஃபெடரல் வரையறையில் ஒரு கிரெடிட் என்றால் 15 வாரத்துக்கு, வாரம் ஒரு மணி வகுப்பு, ரெண்டு மணி வெளி உழைப்பு. அப்போ 3 கிரெடிட்டுக்கு 135 மணி நேரம். இதை 15 வாரத்தில் பரப்பினால் வாரம் 9 மணி. அரிசோனா ஸ்டேட் மாதிரி ஏழரை வாரத்தில் ஒரு பாடத்தை முடிக்கிற இடத்தில் வாரம் 18 மணி. "ஒரு நேரத்தில் ஒரே பாடம்தான், சுலபம்"னு விளம்பரம் சொல்றது இந்த 18 மணியைத்தான். ரெண்டு பாடம் சேர்த்து எடுத்தா 36. அது இன்னொரு முழுநேர வேலை.

ஏழரை வாரத்தில் ரெண்டாவது வாரம் காய்ச்சலில் படுத்தா பாடத்தில் எட்டில் ஒரு பங்கு போச்சு. 15 வாரத்தில் அது தாங்கும். குழந்தை வெச்சிருக்கிறவங்களுக்கு நீளமான டெர்ம்தான் என் சிபாரிசு.

இன்னொன்று சின்ன விஷயம். கெடு நேரம் கல்லூரி ஊர் நேரத்தில் ஓடும். அரிசோனாவில் கோடை நேர மாற்றம் கிடையாது. அங்கே இரவு 11:59 என்றால் டெக்ஸாஸில் கோடையில் 1:59, குளிர்காலத்தில் 12:59. நவம்பர்ல கடிகாரம் மாறும்போது "இன்னும் ஒரு மணி இருக்கு"ன்னு உட்கார்ந்திருந்து கோட்டை விடாதீங்க. இந்தியாவில் இருந்து படிக்கிறவங்களுக்கு எப்பவும் மறுநாள் பகல் 12:29.

#5 மேசைவிளக்கு

நான் மாற்றுக் கருத்து. முழு மாஸ்டர்ஸ் எதற்கு? நாலைந்து பாடம் கொண்ட கிராஜுவேட் சர்டிஃபிகேட் போதும். சிறிய அமைப்புகளின் வேலை விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள்: "பேச்சிலர்ஸ் தேவை, மாஸ்டர்ஸ் இருந்தால் நல்லது" என்றுதான் இருக்கும். அனுபவம்தான் கேட்கிறார்கள். நிதி திரட்டும் பக்கம் போவதானால் சிஎஃப்ஆர்இ சான்றுக்கு இந்தத் துறையில் தனி மதிப்பு இருக்கிறது. அதற்கு மாஸ்டர்ஸ் வேண்டாம், வேலை அனுபவம் வேண்டும்.

#6 பேரேடு

மேசைவிளக்கு சொல்வதில் பாதி சரி. அமெரிக்க டிகிரியே இல்லாதவருக்கு, அதுவும் மூணு வருஷ டிகிரி உள்ளவருக்கு, ஹெச்ஆர் சல்லடையைத் தாண்ட ஒரு அமெரிக்க முதுகலை உதவும். ஊரிலேயே நாலு வருஷம் முடித்து இங்கே வேலையும் பார்ப்பவருக்கு சர்டிஃபிகேட் போதும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

நடுவழி ஒன்று உண்டு. பல கல்லூரிகளில் சர்டிஃபிகேட்டின் 12 அல்லது 15 கிரெடிட்டை அப்படியே மாஸ்டர்ஸில் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் சர்டிஃபிகேட், பிடித்தால் தொடர்ச்சி. சேரும் முன் கேட்கவேண்டியது: கிரெடிட் முழுவதும் சேருமா, எத்தனை வருஷத்துக்குள் தொடரணும், மறுபடி விண்ணப்பக் கட்டணம் உண்டா, எந்த கிரேடுக்குக் கீழே போனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பி-க்குக் கீழே வந்த பாடத்தைப் பல இடம் கணக்கில் சேர்க்காது.

#7 வெண்கலம்

எம்பிஏ கேள்விக்கு: மருத்துவமனை, பல்கலைக்கழகம், பெரிய ஃபவுண்டேஷன் போன்ற இடங்களில் நிதி, ஆபரேஷன்ஸ் வேலைக்கு எம்பிஏ நன்றாகவே எடுபடும். அரசு வேலையும் ஒரு கண் இருந்தால் பொது நிர்வாக முதுகலை. நான்-பிராஃபிட் முதுகலைக்கு உரிய இடம் நடுத்தர அளவு அமைப்புகள்: புரோகிராம் டைரக்டர், டெவலப்மென்ட் மேனேஜர், கிராண்ட்ஸ் மேனேஜர், பிறகு எக்சிக்யூட்டிவ் டைரக்டர்.

கல்லூரிப் பெயர் கேட்பீர்கள் என்பதால்: சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1983-இலேயே இந்தப் படிப்பைத் தொடங்கியது. இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி ஃபேமிலி ஸ்கூல், இண்டியானாபொலிஸ், கொடைத் துறைக்கென்றே அமைந்த முதல் கல்லூரி. ஆனால் அங்கே ஃபிலாந்த்ரபிக் ஸ்டடீஸ் கொஞ்சம் வரலாறு, தத்துவம் பக்கமும் சாயும். அரிசோனா ஸ்டேட், சான் டியேகோ பல்கலைக்கழகம், நார்த்ஈஸ்டர்ன், கொலம்பியா, பென் எல்லாவற்றிலும் இந்தத் துறை முதுகலை உண்டு. பெயருக்குக் கூடுதல் காசு கொடுப்பது இந்தத் துறையின் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகுமா என்பதை உட்கார்ந்து யோசியுங்கள். எனக்குக் கட்டுப்படியாகத் தோன்றவில்லை.

#8 தென்னங்கீற்று

பெயரை விடுங்க, சிலபஸைப் பாருங்க. லீடர்ஷிப், எத்திக்ஸ், "மாற்றத்தை வழிநடத்துதல்"னு ஆறு பாடமும், ஃபைனான்ஸ் ஒரே ஒரு பாடமும் இருந்தா அந்தக் கோர்ஸ் வேண்டாம். வேலைக்குப் போனதும் முதல் வாரமே கேட்பது பட்ஜெட்.

கிராண்ட் (மானியம்) பாடம் எப்படி இருக்கணும்னு ஒரு கணக்கு. ஃபெடரல் கிராண்ட்ல மறைமுகச் செலவுக்கு (ஆபீஸ் வாடகை, கணக்கர் சம்பளம் மாதிரி) தனி விகிதம் பேசி வாங்காத அமைப்பு 15 சதவீதம் வரை போட்டுக்கலாம். 2024 அக்டோபருக்கு முன்னால் அது 10. நேரடிச் செலவு 2,00,000 டாலர்னு வெச்சுக்குங்க. மாணவர்கள் பாதிப் பேர் 30,000 போடுவாங்க. தப்பு. அந்த 2,00,000-ல 20,000-க்கு ஒரு வேன் இருக்கு, பயிற்சிக்கு வர்றவங்களுக்கான உதவித்தொகை 30,000 இருக்கு. ரெண்டையும் கழிக்கணும். அடிப்படை 1,50,000, அதில் 15 சதவீதம் 22,500. வெளி அமைப்புக்குப் பிரிச்சுக் கொடுக்கிற சப்-அவார்டு இருந்தா ஒவ்வொன்றிலும் முதல் 50,000 மட்டும்தான் அடிப்படையில் சேரும். 7,500 கூடுதலாகக் கேட்ட பட்ஜெட் திரும்பி வரும், அல்லது வாங்கின பிறகு ஆடிட்ல மாட்டும். இந்தக் கணக்கைப் பாடத்தில் போட வைக்கலைன்னா அது கிராண்ட் பாடம் இல்லை, கட்டுரை வகுப்பு.

ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலரோ அதுக்கு மேலோ ஃபெடரல் பணம் செலவழிச்சா சிங்கிள் ஆடிட்னு ஒரு கட்டாயத் தணிக்கை. முன்னே ஏழரை லட்சம். பழைய பாடப்புத்தகத்தில் இன்னும் ஏழரைதான் இருக்கும். ஆசிரியர் புதுப்பிச்சிருக்காரான்னு பார்க்க இதுவும் ஒரு சோதனை.

#9 பேரேடு

ஃபைனான்ஸ் பாடத்துக்கும் ஒரு உரைகல் சொல்கிறேன். நல்ல ஆசிரியர் முதல் வாரமே ஒரு அமைப்பின் ஃபார்ம் 990-ஐ (வரிவிலக்குள்ள அமைப்பு ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தரும் படிவம்) மூணு வருஷத்துக்கு எடுத்துவரச் சொல்வார். புரோபப்ளிகாவின் நான்-பிராஃபிட் எக்ஸ்ப்ளோரரிலோ கேண்டிடிலோ இலவசமாகக் கிடைக்கும். அதில் பார்க்கவேண்டியது: ஒன்பதாம் பகுதியில் செலவு நாலு பத்தியாகப் பிரிந்திருக்கும் (மொத்தம், சேவை, நிர்வாகம், நிதி திரட்டல்). பத்தாம் பகுதியில் 27, 28-ஆம் வரிகள்: கொடையாளர் கட்டுப்பாடு இல்லாத நிகரச் சொத்து (கடன் போக மீதி), கட்டுப்பாடு உள்ள நிகரச் சொத்து. ஆறாம் பகுதியில் போர்டுக்கு நலமுரண் கொள்கை இருக்கிறதா என்ற கேள்வி.

இப்போது 27-ஆம் வரியில் 3,60,000 என்று இருக்கிறது. ஆண்டுச் செலவு 4,80,000, மாதம் 40,000. ஒன்பது மாதத்துக்குக் கையிருப்பு இருக்கிறது என்று போர்டில் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த 3,60,000-இல் கடனில்லாத கட்டடம் 2,40,000. சுவரைப் பெயர்த்துச் சம்பளம் கொடுக்க முடியாது. மீதி 1,20,000, மூணே மாதம். கொடையாளர் கட்டுப்பாட்டோடு கொடுத்த 28-ஆம் வரிப் பணத்தையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு; அது இன்னும் மோசம். 2016-இல் கணக்கியல் விதி மூன்று வகைச் சொத்தை இரண்டாகச் சுருக்கியது, அதனால் "டெம்பரரிலி ரெஸ்ட்ரிக்டட்" என்று இன்னும் பாடம் நடத்தினால் குறிப்புகள் பழசு என்று தெரிந்துகொள்ளலாம்.

தமிழ்ப் பள்ளி கணக்கு எழுதுகிறவருக்கு இதெல்லாம் பாதி பழக்கம்தான். மொத்த வரவு வழக்கமாக 50,000-க்குள் என்றால் 990-என் (இணையத்தில் நிரப்பும் "இ-போஸ்ட்கார்டு"), 2,00,000-க்குக் கீழே வரவும் 5,00,000-க்குக் கீழே சொத்தும் என்றால் 990-ஈஇசட் (சுருக்கப் படிவம்). நிதியாண்டு முடிந்த ஐந்தாம் மாதம் 15-ஆம் தேதி கெடு. தொடர்ந்து மூணு வருஷம் தாக்கல் செய்யாவிட்டால் வரிவிலக்கு தானாகவே பறிபோகும். "வரவே இல்லையே, எதுக்கு ஃபைல் பண்ணணும்" என்று விட்டுவிடுகிற சங்கங்கள் இதில்தான் விழுகின்றன.

#10 கீழத்தெரு

பேரேடு சார், தென்னங்கீற்று, ரொம்ப நன்றி. கட்டடக் கணக்கு இதுவரைக்கும் இப்படி யாரும் சொல்லித் தரலை.

கடைசி செமஸ்டர்ல கேப்ஸ்டோன் புராஜெக்ட் எங்க தமிழ்ப் பள்ளிக்கே பண்ணலாமா? கிராண்ட் எழுதித் தர்றேன், கணக்குக் கொள்கை எழுதித் தர்றேன்னு சொன்னா அவங்களுக்கும் உதவியா இருக்கும். அப்புறம், பிஎஸ்எல்எஃப்னு (பொதுச்சேவையில இருக்கிறவங்களுக்குக் கல்விக் கடன் தள்ளுபடி) ஒண்ணு கேள்விப்பட்டேன், தன்னார்வலரா இருக்கிற வருஷமும் அதில் சேருமா? 501(சி)(3)-ல வேலை கிடைச்சா எச்-1பி (வேலை விசா) லாட்டரி இல்லாம போயிடலாம்னும் ஒருத்தர் சொன்னாங்க.

#11 வெண்கலம்

பின்னாலிருந்து வருகிறேன்.

எச்-1பி: தவறான தகவல், ஆனால் பரவலாக உலவுவது. எல்லா 501(சி)(3)-க்கும் லாட்டரி விலக்கு கிடையாது. உயர்கல்வி நிறுவனம், அதோடு இணைந்த நான்-பிராஃபிட், நான்-பிராஃபிட் ஆராய்ச்சி அமைப்பு, அரசு ஆராய்ச்சி அமைப்பு இவற்றுக்குத்தான். உணவு வங்கிக்கும் கலாசாரச் சங்கத்துக்கும் இல்லை. அப்புறம், ஆன்லைன் படிப்புக்கு ஐ-20 (மாணவர் விசாவுக்கான கல்லூரிச் சான்று) வராது, ஓபிடி (படிப்போடு வரும் வேலை அனுமதி) வராது. எச்-4-இல் இருந்தபடியே படிக்கலாம், அதற்கு அனுமதி தேவையில்லை. எஃப்-1 (மாணவர் விசா) வாங்கிக்கொண்டு முழுக்க ஆன்லைனில் படிக்கவும் முடியாது. ஒரு டெர்முக்கு ஒரு ஆன்லைன் பாடம், 3 கிரெடிட் வரைதான் முழுநேரக் கணக்கில் சேரும்.

பிஎஸ்எல்எஃப்: ஃபெடரல் டைரக்ட் கடன் இருந்தால்தான் அந்தப் பேச்சே. கடன் வாங்கியவர் தகுதியான இடத்தில் வாரம் 30 மணிக்குக் குறையாமல் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே 120 தகுதியான தவணை கட்டணும். தன்னார்வம் சேராது.

#12 தென்னங்கீற்று

கேப்ஸ்டோன்: பண்ணலாம், ஆனா நீங்க பொருளாளர் வேலையே பார்க்கிறீங்கன்னா கணக்குக் கொள்கையை எடுக்காதீங்க. உங்க வேலையை நீங்களே ஆய்வு செய்யறதா ஆகும். ஆசிரியரே ஒத்துக்க மாட்டார். அதே பள்ளியில் தன்னார்வலர்களைத் தக்கவைக்கிறது, பெற்றோர் கருத்தாய்வு, கொடையாளர் தரவு மாதிரி எடுங்க. இல்லைன்னா வேறொரு அமைப்பைப் பிடிங்க. வேலை தேடும்போது தெரியாத இடத்தில் செஞ்ச வேலைக்குத்தான் எடை அதிகம், பரிந்துரைக்கவும் ஒரு புது ஆள் கிடைப்பார்.

கேப்ஸ்டோன் கெட்டுப்போறது மூணு இடத்தில். ஒன்று, எல்லை: "ஸ்ட்ராடஜிக் பிளான் போட்டுத் தர்றேன்"னு ஒத்துக்கிட்டு ஏழரை வாரத்தில் திணறுறது. "அடுத்த ஆண்டுக்கான நிதி திரட்டும் நாள்காட்டியும், மூணு ஃபவுண்டேஷனுக்கு முதல் கடிதமும்" அப்படின்னு கையில் எடுத்துக் கொடுக்கிற பொருளா எழுதுங்க. ரெண்டு, அமைப்பின் டைரக்டர் நடுவில் வேலையை விட்டுப் போறது. அதனால ஒப்பந்தக் கடிதத்தில் போர்டு தலைவர் கையெழுத்தும் இருக்கட்டும். மூணு, ஆட்களைப் பேட்டி எடுத்து ஆராய்ச்சியா வெளியிட நினைச்சா ஐஆர்பி (கல்லூரியின் ஆராய்ச்சி நெறிமுறைக் குழு) அனுமதி. அது வர வாரக்கணக்கா ஆகும், முந்தின டெர்மிலேயே விண்ணப்பிக்கணும்.

இன்னொண்ணு: "கிராண்ட் எழுதித் தர்றேன், கிடைச்சா சதவீதம் வாங்கிக்கிறேன்"னு யாராவது சொல்லிக் கொடுத்தா கேட்காதீங்க. நிதி திரட்டுவோர் சங்கத்தின் நெறிமுறை அதைத் தடுக்குது, பல ஃபவுண்டேஷனும் அப்படிப்பட்ட செலவை ஏத்துக்காது.

#13 ஸ்கார்பரோ_வாசி

கனடாவில இருக்கிற ஆக்களுக்கு இந்த அமெரிக்கப் படிப்பு சரிவருமோ? இங்க தொண்டு அமைப்புக் கணக்கெல்லாம் டி3010 எண்ட படிவத்திலதான்.

#14 பேரேடு

நிதி மேலாண்மை, மதிப்பீடு, நிதி திரட்டல் பொருந்தும். சட்டப் பாடம் பொருந்தாது. டி3010-க்கு நிதியாண்டு முடிந்து ஆறு மாதம் கெடு, சிஆர்ஏ (கனடா வரித்துறை) விதிகள் தனி. ஒட்டாவாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் ஃபிலாந்த்ரபி அண்ட் நான்-பிராஃபிட் லீடர்ஷிப் முதுகலை உண்டு, பெரும்பகுதி ஆன்லைன். கனடாவில் வேலை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

#15 வைகைக்கரை

இந்தியா திரும்பி இங்கே அமைப்பு நடத்தலாம் என்று இதைப் படிக்கிறவர்களுக்கு மட்டும். யுஜிசியின் 2025 சமநிலை விதிகள் நேரடி வகுப்பில் படித்த வெளிநாட்டுப் பட்டத்தைத்தான் ஏற்கின்றன. ஆன்லைன் பட்டத்தைக் காட்டி அரசுக் கல்லூரி வேலைக்கோ பிஎச்டி சேர்க்கைக்கோ போக முடியாது. தனியார் அமைப்புகள் அதைப் பெரிதுபடுத்தாது.

சட்டம் அடியோடு வேறு. 2020 திருத்தத்துக்குப் பிறகு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கி மெயின் கிளைக் கணக்குக்குத்தான் வரணும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. அமெரிக்கப் பாடத்தில் சப்-அவார்டு பற்றி ஒரு அத்தியாயமே வரும். இங்கே வெளிநாட்டுப் பணத்துக்கு அது குற்றம். நன்கொடையாளருக்கு வரிச்சலுகை ரசீது தருவதற்கும் தனிப் படிவம், தனிக் கெடு உண்டு. கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவு சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணம் வேண்டுமென்றால் சிஎஸ்ஆர்-1 பதிவு. திரும்பி வருவது உறுதி என்றால் ஆனந்தில் இர்மா (கிராம மேலாண்மைக் கல்லூரி), மும்பையில் டிஸ் (டாடா சமூக அறிவியல் கழகம்), எழும்பூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இவற்றைப் பார்ப்பதுதான் முறை.

#16 கீழத்தெரு

இங்கேயேதான் இருக்கப் போறோம். மெயில் போட்டதில் ரெண்டு இடம் மூணு வருஷ டிகிரியை ஏத்துக்கறதா எழுத்தில் சொல்லிட்டாங்க.

அ: 36 கிரெடிட், 640 டாலர், ஏழரை வார டெர்ம். ஃபைனான்ஸ் ஒரு பாடம் கட்டாயம், கிராண்ட் விருப்பப் பாடம்.
ஆ: 39 கிரெடிட், 1,150 டாலர், 15 வாரம். ஃபைனான்ஸ் ரெண்டு, கேப்ஸ்டோனுக்கு கல்லூரியே அமைப்பு பிடிச்சுத் தரும்.

#17 பேரேடு

அ: 23,040. ஆ: 44,850. வித்தியாசம் 21,810. வேலை கிடைத்து நிறுவனம் ஆண்டுக்கு 5,250 கட்டினாலும், அந்த வித்தியாசத்தை மட்டும் அடைக்க நாலு வருஷத்துக்கு மேல். என் ஓட்டு அ. இரண்டாவது ஃபைனான்ஸ் பாடத்தை அதே கல்லூரியின் பொது நிர்வாகத் துறையிலிருந்து விருப்பப் பாடமாக எடுக்கவிடுவார்களா என்று கேளுங்கள். "அரசு மற்றும் நான்-பிராஃபிட் பட்ஜெட்டிங்" என்ற பெயரில் இருக்கும்.

#18 மேசைவிளக்கு

ஆ-வில் 15 வாரம் இருக்கிறதே. குழந்தை இருந்தால் அதற்கே காசு கொடுக்கலாம். கேப்ஸ்டோனுக்கு அமைப்பு பிடித்துத் தருவதும் சின்ன விஷயம் இல்லை, புதிதாக வந்தவருக்கு வேலைக்கான வாசலே அதுதான்.

#19 தென்னங்கீற்று

அ-வில் ஒரு டெர்ம் விட்டு ஒரு டெர்ம் எடுக்கலாமான்னு கேளுங்க. கடன் இல்லாததால் ஹாஃப்-டைம் தொல்லை உங்களுக்கு இல்லை. 12 பாடம், வருஷத்துக்கு மூணுன்னு போட்டா நாலு வருஷம். பட்டத்தை முடிக்க ஆறு வருஷ வரம்புதான் பல இடத்தில், தாராளமா அடங்கும். தொடர்ந்து சேராம விட்டா பதிவு ரத்தாகுமா, "லீவ் ஆஃப் ஆப்சென்ஸ்" எழுதணுமான்னு மட்டும் தெரிஞ்சுக்குங்க.

காசு கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு இடத்திலும் போன டெர்ம் ஃபைனான்ஸ் சிலபஸையும் ஒரு அசைன்மென்ட்டையும் கேட்டு வாங்குங்க. 990 இருக்கா, பட்ஜெட் எக்செல் இருக்கா, இல்லை வாராவாரம் டிஸ்கஷன் போர்டுல 300 வார்த்தை எழுதறது மட்டும்தானான்னு அதிலேயே தெரிஞ்சுடும். தர மாட்டோம்னு சொல்ற இடத்தை அப்படியே பட்டியலிலிருந்து எடுத்துடுங்க.

#20 கீழத்தெரு

ரெண்டு இடத்துக்கும் இன்னைக்கே மெயில் போடறேன். சிலபஸ் வந்ததும் பெயரை மறைச்சுட்டு இங்கே ஒட்டறேன், பேரேடு சார் ஒரு பார்வை பார்த்துச் சொல்லணும்.

#21 பேரேடு

ஒட்டுங்கள். சிலபஸில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் முழுநேரமா, அட்ஜங்டா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அட்ஜங்ட் என்றால் மோசம் என்று அர்த்தமில்லை. பகலில் ஒரு அமைப்பின் சிஎஃப்ஓ-வாக இருப்பவர் ராத்திரி பாடம் எடுத்தால் அதைவிட நல்லது வேறில்லை.